கார்டில் 4% என்று போட்டிருக்கும், தமிழ்க் கடையில் கிடைக்குமா?

கனடாவுக்கு வந்து வங்கிக் கணக்குத் திறந்த கையோடு பெரும்பாலும் ஒரு கிரெடிட் கார்டும் கிடைத்துவிடும். புதிதாக வந்தவர்களுக்கென்று பெரிய வங்கிகள் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. இங்கே கடன் வரலாறு இல்லாவிட்டாலும் தருவார்கள். விளம்பரத்தில் ‘பலசரக்குக்கு 4%, மற்றதுக்கு 0.5%’ என்று ஏதாவது போட்டிருக்கும். மாத முடிவில் பார்த்தால், அரிசியும் பருப்பும் வாங்கிய கடைக்கு 0.5%தான் விழுந்திருக்கும். வங்கி ஏமாற்றவில்லை. வங்கியின் கணக்கில் அது பலசரக்குக் கடையே இல்லை, அவ்வளவுதான்.

கார்ட் ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. எம்.சி.சி. (merchant category code, கடையின் வகையைச் சொல்லும் எண்) என்பார்கள். கடைக்காரர் கார்ட் மெஷின் எடுக்கும்போது, அவருடைய முக்கிய வியாபாரம் என்ன என்று பார்த்து மெஷின் கம்பனி அதைப் போடும். சூப்பர்மார்க்கெட் 5411, சாப்பாட்டுக் கடை 5812, பாஸ்ட் ஃபூட் 5814, மருந்துக்கடை 5912. உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. எந்த எண்ணுள்ள கடையில் எவ்வளவு செலவு என்பதுதான் தெரியும். ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட்டில் பாலும் முட்டையும் வாங்கினாலும் அது மருந்துக்கடைச் செலவு. சூப்பர்மார்க்கெட்டில் ஷாம்பு வாங்கினால் அதுவும் பலசரக்கு. சிலர் அங்கேயே பெற்றோல் கிஃப்ட் கார்ட் வாங்கி, பெற்றோலுக்கும் பலசரக்கு வீதத்தை எடுப்பது இதனால்தான்.

நம் ஆட்களுக்குச் சிக்கல் வருவது தமிழ்க் கடைகளில். டொரொண்டோவின் ஸ்காபரோவில் ஒரு கடைக்குள் போனால் முன்னுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும், பின்னுக்கு மீன் வெட்டும் இடம், ஒரு பக்கத்தில் இடியப்பம், கொத்து ரொட்டி, ரோல்ஸ் விற்கும் டேக் அவுட். மூன்றுக்கும் ஒரே மெஷின் என்றால் ஒரே எண். டேக் அவுட்டாகத் தொடங்கிப் பிறகு பலசரக்கு சேர்த்த கடை இன்னும் 5812இல் இருக்கலாம். இறைச்சிக் கடைக்கு 5422, பேக்கரிக்கு 5462, பலவகை உணவுக் கடைக்கு 5499 என்று தனி எண்கள் வேறு இருக்கின்றன. இவற்றில் எதையெல்லாம் பலசரக்கில் சேர்ப்பது என்பது கார்டுக்குக் கார்ட் மாறும். கடை கை மாறினாலோ மெஷின் மாறினாலோ எண்ணும் மாறக்கூடும்.

ஆகவே போர்டைப் பார்த்து நம்பாதீர்கள். முதல் தடவை ஒரு கட்டு கீரை மட்டும் கார்டில் வாங்குங்கள். செயலியில் ‘பெண்டிங்’ போன பிறகு என்ன வகை என்று காட்டுகிறது, எவ்வளவு ரிவார்ட் விழுந்தது என்று பாருங்கள். தெளிவில்லை என்றால் வங்கிக்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

இதைப் பார்க்க முன்னர் ஆண்டுக் கட்டணக் கார்ட் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாதம் 400 டொலருக்குப் பலசரக்கு வாங்கினால் 4% என்பது 16 டொலர், 0.5% என்பது 2 டொலர். ஆண்டுக்கு 168 டொலர் வித்தியாசம். 120 டொலர் கட்டணம் கட்டிவிட்டு, வாங்குவதெல்லாம் 5812இல் விழுந்தால் நட்டம் உங்களுக்குத்தான். தொடக்கத்துக்கு டாஞ்சரின் வங்கியின் கார்ட் மாதிரி கட்டணமில்லாத ஒன்று போதும். அதில் 2% தரும் இரண்டு செலவு வகைகளை நீங்களே தெரிவு செய்யலாம். அமெக்ஸின் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கோபால்ட் கார்ட் பலசரக்கு, சாப்பாட்டுக் கடை இரண்டுக்கும் டொலருக்கு ஒரே மாதிரி 5 புள்ளி தருவதால் இந்த எண் குழப்பம் அதில் குறைவு. ஆனால் மாதக் கட்டணம் உண்டு, நம் கடைகள் பலவற்றில் அமெக்ஸ் எடுக்கவும் மாட்டார்கள்.

கொஸ்ட்கோ தனிக் கதை. கிரெடிட் கார்டில் மாஸ்டர்கார்ட் மட்டும்தான் எடுப்பார்கள், எண்ணும் 5300, மொத்த விற்பனைக் கிளப். பல கார்டுகள் அதைப் பலசரக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம், 2022 ஒக்டோபரிலிருந்து கியூபெக் தவிர்ந்த இடங்களில் கடைக்காரர் கிரெடிட் கார்டுக்கு 2.4% வரை மேலதிகமாக அறவிடலாம். காசு கட்ட முன்னரே சொல்ல வேண்டும். கவுண்டரில் அப்படி ஒட்டியிருந்தால் டெபிட்டை எடுங்கள். 2% ரிவார்டுக்காக 2.4% கொடுப்பதில் அர்த்தமில்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய எண்கள் 4829, 6051. ஊருக்குக் காசு அனுப்பும்போது கிரெடிட் கார்டைக் கொடுத்தால் பெரும்பாலும் இவற்றில்தான் போய் விழும். வங்கி அதைக் கடையில் வாங்கியதாக அல்ல, கையில் காசு எடுத்ததாகவே பார்க்கும். ரிவார்ட் கிடையாது. சாதாரணச் செலவுக்குக் கிடைக்கும் 21 நாள் வட்டியில்லாத அவகாசமும் கிடையாது. அன்றே வட்டி ஓடத் தொடங்கும். 22.99% என்று வைத்தால் 1,000 டொலருக்கு 30 நாளில் ஏறத்தாழ 19 டொலர் வட்டி, அதற்கு மேல் காசு எடுத்த கட்டணம் வேறு. அம்மாவுக்கு அனுப்புவதை டெபிட்டிலோ வங்கிக் கணக்கிலிருந்து நேராகவோ அனுப்புங்கள். கசினோச் செலவும் இதே கணக்குத்தான்.

எண் பிழை என்று வங்கியுடன் சண்டை பிடிப்பதில் பலனில்லை. அதை அவர்கள் போடவில்லை. கடைக்காரர் தெரிந்தவர் என்றால் அவரிடம் சொல்லிப் பாருங்கள். தன் கடைக்கு என்ன எண் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மெஷின் கம்பனியிடம் மாற்றக் கேட்க வேண்டியவர் அவர்தான்.