ரிசர்வ் அணிகளை வட்டார லீக்கில் சேர்க்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

1983-84 சீசன் முடிந்தபோது ஸ்பெயின் கால்பந்தின் இரண்டாம் டிவிஷன் பட்டியலில் முதலிடம் காஸ்டில்யாவுக்கு. இரண்டாமிடம் பில்பாவோ அத்லெட்டிக். இரண்டுமே முதல் டிவிஷனுக்குப் போகவில்லை. ஒன்று ரியல் மாட்ரிடின் ரிசர்வ் அணி, அதாவது அந்தக் கிளப்பின் இரண்டாம் அணி; மற்றது அத்லெட்டிக் பில்பாவோவின் ரிசர்வ் அணி. தாய்க் கிளப் ஆடும் டிவிஷனில் பிள்ளை அணி ஆட முடியாது என்பது அங்கே விதி. ஆகவே அடுத்தடுத்து வந்த எர்குலெஸ், ராசிங் சாந்தாந்தேர், எல்சே ஆகிய மூன்றும் மேலே ஏறின.

தங்கள் வட்டார லீக்கிலும் தொழில்முறைக் கிளப்புகளின் இரண்டாம் அணிகளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் நிர்வாகிகள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம். லீக்கில் மற்ற அணிகளுக்கெல்லாம் ஜெயிப்பதுதான் வேலை. ரிசர்வ் அணியின் வேலை வேறு: 19 வயதுப் பையனுக்கு ஆட்ட நேரம் கொடுப்பது, காயம் ஆறிய சீனியர் வீரரை மெல்ல மைதானத்துக்குத் திருப்புவது. புள்ளிகள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் அங்கே யாருக்கும் தூக்கம் கெடாது. இதை மறந்து, “இன்னும் இரண்டு அணி வருகிறது, அவ்வளவுதானே” என்று கையெழுத்துப் போடுவதில்தான் மற்ற எல்லாத் தவறும் தொடங்குகிறது.

“முதலிடம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்”

வரத்தான் செய்வார்கள். 2017-18-ல் நெதர்லாந்தின் இரண்டாம் டிவிஷனை வென்றது யோங் அயாக்ஸ். மேலே போனது இரண்டாவதாக வந்த ஃபோர்ட்டுனா சிட்டார்ட். 2019-20-ல் ஜெர்மனியின் மூன்றாம் லீக்கில் சாம்பியன் பேயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி. அவர்களால் ஏற முடியாததால் வூர்ட்ஸ்பர்க் கிக்கர்ஸும் பிரவுன்ஷ்வைக்கும் நேரடியாக ஏறின, நான்காமிடத்து இங்கோல்ஸ்டாட்டுக்கு பிளே-ஆஃப், அதாவது மேலே ஏறுவதற்கான தகுதி ஆட்ட வாய்ப்பு கிடைத்தது. இங்கெல்லாம் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் மைதானத்துக்கு வெளியே வழக்கு வம்பு வேண்டியிருக்கவில்லை.

எழுதவேண்டியது ஒரே வரி அல்ல. ரிசர்வ் அணிக்குக் கோப்பை உண்டா, முன்னேற்றம் மட்டும்தான் கிடையாதா? அது முதலிடம் வந்தால் வாய்ப்பு இரண்டாமிடத்துக்கா, அல்லது அந்த ஆண்டு யாருக்குமே இல்லையா? பிளே-ஆஃப் இருந்தால் அதன் இடம் அடுத்த அணிக்கு நகருமா? இவற்றை லீக் மட்டும் முடிவு செய்ய முடியாது. மேல் டிவிஷனை நடத்துபவர்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறுவதைப் பற்றி யோசிப்பவர்கள் இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். 2011-12-ல் வில்யாரியல் ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து விழுந்தது. இரண்டாம் டிவிஷனில் இருந்த அதன் ரிசர்வ் அணியான வில்யாரியல் பி தன் பங்குக்கு ஒழுங்காக ஆடி நடுவரிசையில் முடித்திருந்தும், அப்பா வீட்டுக்கு வந்ததால் பிள்ளை திண்ணைக்குப் போன கதையாக, மூன்றாம் நிலைக்கு இறங்க வேண்டியதாயிற்று. தாய்க் கிளப் சரியும் ஆண்டில் உங்கள் பட்டியலிலும் இந்தச் சங்கிலி இழுக்கும். அதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ரிசர்வ் அணிக்குக் கீழிறக்கமே கிடையாது என்று சலுகை கொடுப்பது. அப்புறம் மார்ச் மாதத்தில் அவர்களோடு ஆடும் ஆட்டத்துக்கு என்ன பொருள்? இத்தாலியில் அந்தச் சலுகை இல்லை. 2024-25-ல் மூன்றாம் நிலையான சீரி சி-யில் முதல்முறை இறங்கிய மிலான் ஃபுதூரோ (ஏசி மிலானின் ரிசர்வ் அணி), அதே சீசனில் நான்காம் நிலையான சீரி டி-க்கு விழுந்தது.

யார் ஆடலாம் என்பதைத் தளர்த்தி எழுதுவது

வட்டார லீக்கில் அதிகக் கசப்பு விளைவது இங்கேதான் என்பது என் கணிப்பு. ஆகஸ்டில் உங்களை எதிர்த்து ஆடிய ரிசர்வ் அணியில் பதினோரு பேரும் பையன்கள். ஏப்ரலில் உங்கள் போட்டியாளரை எதிர்த்து ஆடும் அதே ரிசர்வ் அணியில், காயத்திலிருந்து மீளும் மூன்று சீனியர் வீரர்கள். சட்டையின் நிறம் ஒன்றுதான், அணி ஒன்றல்ல. அந்த ஒரு ஆட்டத்தில் போகும் மூன்று புள்ளி யாருடைய சீசனையும் மாற்றும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: சீனியர் அணிக்குத் திடீரென ஆள் தேவைப்பட்டால், உங்கள் பட்டியலில் உச்சத்தில் இருக்கும் ரிசர்வ் அணி ஒரே வாரத்தில் காலியாகிவிடும்.

இதை முழுக்கத் தடுக்க முடியாது, கட்டுப்படுத்தலாம். ஜப்பானின் மூன்றாம் நிலையான ஜே3 லீக்கில் 23 வயதுக்குட்பட்டோர் அணிகள் ஆடிய காலத்தில், வயது மீறிய வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருந்தது. வயது வரம்பு மட்டும் போதாது என்பேன். 21 வயதில் சீனியர் அணியில் நிரந்தர இடம் பிடித்தவரை வயது எப்படித் தடுக்கும்? சீனியர் ஆட்டங்களில் இத்தனைக்கு மேல் ஆடியவர் இறங்கக் கூடாது என்றும், கடைசிச் சில வாரங்களில் புதிதாக யாரையும் கீழே அனுப்பக் கூடாது என்றும் சேர்த்து எழுத வேண்டும். கோல்கீப்பருக்கு மட்டும் விலக்கு கொடுப்பதில் தவறில்லை. இருக்கும் இருவரில் ஒருவர் காயப்பட்டால் கிளப்புக்கு வேறு வழி கிடையாது.

பெரிய பெயர் வந்தால் கூட்டம் வரும் என்ற கணக்கு

பெயர்தான் வரும். ரசிகர் தன் சீனியர் அணியின் ஆட்டத்துக்குத்தான் வண்டி ஏறுவார். உள்ளூர் ரசிகருக்கோ எரிச்சல் மிஞ்சலாம்: 2016-ல் இங்கிலாந்தில் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டியான இஎஃப்எல் டிராஃபியில் பெரிய கிளப்புகளின் இளையோர் அணிகளைச் சேர்த்தபோது, கீழ் டிவிஷன் ரசிகர்கள் போட்டியையே புறக்கணித்தார்கள். டிக்கெட் வசூலை நம்புவதைவிட, சேர்க்கைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கி எல்லாக் கிளப்புக்கும் பங்கிடுவது நேர்மையான கணக்கு.

இருக்கும் கிளப்பின் இடத்தைப் பிடுங்கிக் கொடுப்பது வேறு, கூடுதல் இடம் போடுவது வேறு. 2021-22-ல் ஸ்காட்லாந்தின் லோலேண்ட் லீக், செல்டிக் பி, ரேஞ்சர்ஸ் பி இரண்டையும் முன்னேற்ற உரிமை இல்லாமல் கூடுதலாகச் சேர்த்தது. அந்த ஆண்டு கோப்பையை வென்று மேலே போனது பானிரிக் ரோஸ். ஆனால் 16 அணி 18 ஆனால் ஆளுக்கு 30 ஆட்டம் 34 ஆகிறது. பகலில் வேலைக்குப் போய்விட்டு ஆடும் வீரர்கள் அந்த நாலு நாளை எங்கிருந்து எடுப்பார்கள் என்று முதலில் அவர்களையே கேட்க வேண்டும். கேட்காமல் மேலிருந்து திணித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கத் தலைவர் கிரெக் டைக்கின் குழு, பி அணிகளோடு ‘லீக் த்ரீ’ என்ற புது டிவிஷனை முன்மொழிந்தது. கீழ் டிவிஷன் கிளப்புகளின் எதிர்ப்பில் அது கரைந்துபோனது.

கோப்பைப் போட்டிகளில் சேர்க்க வேண்டாம். 1980-ல் ஸ்பெயின் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் காஸ்டில்யா மோதியது தன் தாய்க் கிளப்போடு. ரியல் மாட்ரிட் 6-1 என்று ஜெயித்தது. அழகான கதைதான், ஒரே முதலாளியின் இரண்டு அணிகள் கோப்பைக்கு ஆடுவதை ரசிக்க முடியுமென்றால்.

அவர்கள் போகும் நாள்

சேர்க்கும் ஒப்பந்தத்தில் பலரும் விட்டுவிடும் பக்கம் இது. ஜெர்மனியில் 23 வயதுக்குட்பட்டோர் அணி கட்டாயம் என்ற விதி 2014-ல் நீங்கியதும், லெவர்குசனும் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டும் தங்கள் இரண்டாம் அணிகளைக் கலைத்தன. பிறகு 2022-ல் ஃபிராங்க்ஃபர்ட் மறுபடி ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவில் அதே 2022-ல் அங்குள்ள முதல்நிலை லீக்கான எம்எல்எஸ் தன் கிளப்புகளின் ரிசர்வ் அணிகளுக்கென்று ‘நெக்ஸ்ட் புரோ’ லீக்கை ஆரம்பித்ததும், பிற லீக்குகளில் இருந்த ரிசர்வ் அணிகள் அங்கே இடம்பெயர்ந்தன. பயிற்சி இயக்குநர் மாறினால் கிளப்பின் திட்டமும் மாறும். உங்கள் அட்டவணையை அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே குறைந்தது மூன்று சீசன் உறுதி, விலகுவதற்கு ஒரு சீசன் முன் அறிவிப்பு, திரும்பக் கிடைக்காத வைப்புத்தொகை, இந்த மூன்றும் கேளுங்கள். சீசன் நடுவில் விலகினால் அவர்களோடு ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ரத்தா, அல்லது பாதிக்கு மேல் ஆடியிருந்தால் முடிவுகள் நிற்குமா என்பதையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவையுங்கள். ஜனவரியில் அந்த விதியை எழுத உட்கார்ந்தால், மேஜையைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த அணியோடு ஜெயித்த ஆட்டமோ தோற்ற ஆட்டமோ ஒன்று இருக்கும்.