வெள்ளி கலந்த ஃபோம் கட்டு: எந்தப் புண்ணுக்கு, எத்தனை நாளைக்கு

பாமசியில் விலை கேட்டாலே தயங்க வைக்கும் கட்டு இது. விலை கூடினது புண்ணைக் கெதியாக ஆற்றும் என்று நம்பி எல்லாப் புண்ணுக்கும் ஒட்டுபவர்கள் உண்டு. ஸ்பொஞ்ச் போன்ற ஃபோம் புண்ணிலிருந்து வரும் நீரை உறிஞ்சுகிறது, அதிலுள்ள வெள்ளி கிருமியைக் குறைக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். வெள்ளி வேலை செய்யவும் ஈரம் வேண்டும். எனவே காய்ந்த புண்ணிலோ கறுத்து இறுகிய பொருக்கிலோ இதை வைப்பது வீண் செலவு. நீரிழிவுக்காரரின் காலில் அப்படிக் கறுத்த பொருக்கு இருந்தால் ஊறவைக்கவோ நோண்டவோ கூடாது. காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று முதலில் வைத்தியர் பார்க்க வேண்டும்.

நீர் கூடி, நாற்றமெடுத்து, நோவும் சிவப்பும் கூடி வரும் புண்ணுக்கே இது பொருந்தும். வெள்ளி ஒவ்வாதவர்களுக்கு வேண்டாம்.

கை கழுவி, பழைய கட்டை எடுத்து, 0.9 சதவீத சேலைனால் (கிருமி நீக்கிய உப்பு நீர்) புண்ணைக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். நம்மூரில் மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் இருப்பதை மறக்கக் கூடாது. ஹைட்ரஜன் பெரொக்சைட் ஃபோமைக் கெடுக்கும், டெற்றோல் புதிய தசையைச் சுடும். களிம்பு, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் கட்டின் அடியில் வேண்டாம். எண்ணெய்ப் படலம் நீரை உறிஞ்ச விடாது. கழுவிய பின் சுற்றியுள்ள தோலை ஒற்றி உலர்த்துங்கள். தோல் ஈரமாயிருந்தால் ஓரம் ஒட்டாது. சித்திரை வெயிலில் வியர்வையால் கட்டுக் கழன்று வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

புண்ணின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 சென்ரிமீற்றர் வருமாறு அளவைத் தெரிவு செய்யுங்கள். பசை ஓரம் இல்லாத ஃபோமை வெட்டலாம்; ஓரத்தில் பசை உள்ளதை வெட்டினால் நீர் கசியும். மிச்சத் துண்டை அடுத்த முறைக்கு வைக்காதீர்கள், பொதி திறந்ததும் அதன் சுத்தம் போய்விடும். எந்தப் பக்கம் புண்ணைத் தொட வேண்டும் என்று பொதியில் படம் போட்டிருக்கும். மாறி வைத்தால் நீர் உள்ளே போகாமல் தோலில் தேங்கும். இழுத்துப் பிடித்து ஒட்டாமல் மெதுவாக வைத்து, பசையில்லாததை பன்டேஜால் இறுக்காமல் சுற்றுங்கள். ஆழக் குழிந்த புண்ணின் மேல் தட்டையான ஃபோமை மட்டும் வைத்தால் அடியில் சீழ் தேங்கும். குழியை எதனால் நிரப்புவது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

ஒட்டிய திகதியைக் கட்டின் ஓரத்தில் பேனையால் எழுதி விடுங்கள். பிழை அதிகம் நடப்பது இதன் பிறகுதான்: புண் ஆறிவிட்டதா என்று தினமும் பிரித்துப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் புண் குளிர்கிறது, புதிதாக வளர்ந்த தசை உரிகிறது, கட்டும் வீணாகிறது. உறிஞ்சிய நீரின் கறை ஓரத்துக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் வந்தாலோ, கட்டுக் கழன்றாலோ மாற்றுங்கள். இல்லையென்றால் பெரும்பாலான வகைகளை 7 நாள் வரை விடலாம். தொற்றுப் பலமாயிருக்கும் தொடக்கத்தில் அதைவிட அடிக்கடி மாற்ற வேண்டி வரும். கிணற்றடியில் குளிக்கும்போது வாளித் தண்ணீர் காலில் படாமல் பாருங்கள். பொலித்தீன் பையைக் கட்டினாலும் கசியும்.

பிரிக்கும்போது ஃபோம் சாம்பலாகக் கறுத்திருந்தால் பயப்படாதீர்கள், அது வெள்ளியின் நிறம். புண்ணைக் கழுவிய பிறகே நாற்றத்தை மதிப்பிடுங்கள். சுற்றுத்தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் கட்டை மாற்றப் பிந்திவிட்டீர்கள், அல்லது நீரின் அளவுக்கு அது போதவில்லை.

உள்ளங்காலில் புண் என்றால் ஃபோம் மெத்தையாகாது. அந்த இடத்தில் பாரம் படாதபடி செருப்பைத் திருத்தாமல், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெறுங்காலுடன் வீதி சுற்றினால் எந்த வெள்ளியாலும் பயனில்லை.

2 கிழமைக்குப் பிறகு புண்ணை மறுபடி மதிப்பிட வேண்டும். தொற்று அடங்கியிருந்தால் சாதாரண ஃபோமுக்கு மாறலாம். ஒரு மாற்றமுமில்லையென்றால் அதையே தொடராமல் வைத்தியரைக் காணுங்கள். எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கப் போனால் வெள்ளிக் கட்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ச்சலும் நடுக்கமும், சிவப்புக் கோடு மேலேறுவதும், கால் திடீரென வீங்கிக் கறுப்பதும் கட்டால் தீராதவை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.