வாய்த்துடுக்கு வேறு, அவமதிப்பு வேறு: ஆண்டனி போர்டெய்னைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் நகரில் 'லே ஆல்' என்னும் பிரெஞ்சு உணவகத்தின் தலைமைச் சமையற்கலைஞராக இருந்த ஆண்டனி போர்டெய்ன், உணவகச் சமையலறைகளுக்குள் நடப்பவற்றை 1999-இல் ஒரு வார இதழில் ஒளிவுமறைவின்றி எழுதினார். அடுத்த ஆண்டு அதையே நூலாக விரித்தபோது அவர் பெயர் உலகெங்கும் பரவியது. 2002-இல் தொடங்கி 2018-இல் இறக்கும்வரை, நான்கு தொலைக்காட்சித் தொடர்களுக்காக நாடு நாடாகச் சென்று உண்டார், குடித்தார், கெட்ட வார்த்தைகளைத் தாராளமாகப் பேசினார், புகழ்பெற்ற சமையற்கலைஞர்களைப் பெயர் சொல்லிச் சாடினார். பார்த்தவர்களில் சிலருக்கு அவர் திமிர் பிடித்த அமெரிக்கர். வேறு சிலருக்கோ அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு. அந்த நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருபவன் என்ற முறையில், வெறுத்தவர்களும் கொண்டாடியவர்களும் ஏறக்குறைய ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவருடைய பேச்சை மட்டும் கேட்டுவிட்டு, பிறர் வீட்டில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

நமீபியாவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 'நோ ரிசர்வேஷன்ஸ்' தொடருக்காக அங்கே சென்றபோது, சான் என்னும் பழங்குடி மக்கள் வேட்டையாடிய காட்டுப்பன்றியின் மலக்குடலைச் சாம்பலில் சுட்டு அவருக்குக் கொடுத்தார்கள். அது சரியாகக் கழுவப்படவும் இல்லை. அவர் தின்றார், பிறகு நோய்வாய்ப்பட்டு மருந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் காட்சியைப் பலர் அருவருப்பு மூட்டும் வேடிக்கையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் ஏன் தின்றார் என்பதற்கு அவரே பின்னாளில் காரணம் சொல்லியிருக்கிறார்: தன் மக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குழுவின் தலைவர் தம்மிடம் இருந்ததில் சிறந்ததை விருந்தாளிக்குக் கொடுத்தார், அதை மறுத்தால் அந்த மனிதரை அவருடைய மக்கள் முன்னிலையிலேயே தலைகுனிய வைத்ததாகும். பாட்டி பரிமாறும் சோறு பிடிக்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் உண்பதுதான் முறை என்பதை அவர் ஒரு விதியாகவே சொல்லிவந்தார். ஆகவே ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு இவர் மரியாதை தெரியாதவர் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், அந்தத் துடுக்குப் பேச்சு யாரை நோக்கியது என்று கேட்க வேண்டும். அதிகாரத்தையும் பகட்டையும் வணிகத் தொலைக்காட்சியின் போலித்தனத்தையும் நோக்கியபோது அது கூர்மையாக இருந்தது. ஏழை வீட்டின் அடுப்பங்கரையில் அது அடங்கியிருந்தது. இப்படிப்பட்ட காட்சிகளை வெட்டியெடுத்து, விசித்திர உணவு என்று தலைப்பிட்டுப் பகிர்பவர்கள் அந்த மக்களைக் கேலிப்பொருளாக்குகிறார்கள். போர்டெய்ன் அதைச் செய்யவில்லை.

அவரைக் கொண்டாடுபவர்களின் தவறு வேறு விதமானது. துடுக்குப் பேச்சே அவருடைய பலம் என்று எண்ணி, கிடைத்த உணவையும் எளிய சுவைகளையும் ஏளனம் செய்வதை ஒரு திறமையாக இவர்கள் வளர்த்துக்கொள்கிறார்கள். 2012 மார்ச்சில், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகர நாளிதழில் எழுதிவந்த 85 வயது மரிலின் ஹேகர்ட்டி, தம் ஊரில் புதிதாகத் திறக்கப்பட்ட 'ஆலிவ் கார்டன்' என்னும் தொடர் உணவகத்தை மனமாரப் பாராட்டி ஒரு மதிப்புரை எழுதினார். நாடு முழுவதும் சிரித்தது. தொடக்கத்தில் போர்டெய்னும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டார். விரைவிலேயே தாம் செய்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ஹேகர்ட்டியின் பக்கம் நின்றார். அமெரிக்காவின் சிறு நகரங்களில் மக்கள் உண்மையில் எப்படி உண்டார்கள் என்பதற்கான வரலாற்று ஆவணமாக அந்த மதிப்புரைகளைக் கருதி, அடுத்த ஆண்டே அவற்றின் தொகுப்பைத் தம்முடைய பதிப்பு வரிசையில் வெளியிட்டு முன்னுரையும் எழுதினார். ஏளனத்தைக் கற்றுக்கொண்டவர்கள் இந்தத் திருத்தத்தைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம். 2017 டிசம்பரிலும், உணவகத் துறையில் பெண்கள்மீது நடந்த அத்துமீறல்கள் வெளிவந்தபோது, ஆண்களின் முரட்டுத்தனத்தைப் போற்றும் சமையலறைக் கலாச்சாரத்துக்கு, 2000-இல் தமக்குப் புகழ் தேடித்தந்த நூல் வலுச்சேர்த்ததை எண்ணி வருந்துவதாக அவர் எழுதினார். அந்த முரட்டுத்தனத்தை இன்றும் போர்டெய்ன் பாணி என்று பெருமையாகச் சொல்பவர்கள், அவரே கைவிட்ட ஒன்றைத்தான் ஏந்தி நிற்கிறார்கள்.

இதிலிருந்தே அடுத்த தவறும் பிறக்கிறது: ஒரு மனிதரை அவர் எப்போதோ சொன்ன ஒரு வரியிலேயே நிறுத்திவிடுவது. திங்கட்கிழமை உணவகத்தில் மீன் உண்ணாதீர்கள் என்று அவர் எழுதியது உண்மை. வார இறுதிக்காக வாங்கிய மீன் விற்காமல் தங்கி, திங்களன்று தட்டுக்கு வரும் என்பதே காரணம். மீன் வரத்தும் உணவகங்களின் தரமும் மாறிவிட்டன, அந்த அறிவுரை இனிப் பொருந்தாது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியும், இன்றுவரை அது அவர் பெயரால் உலவுகிறது. சைவ உணவு உண்பவர்களைப் பற்றி 2000-இல் வந்த அந்த நூலில் கடுமையாக எழுதியிருந்தார். நம்மவர்களில் பலர் அவரை ஒதுக்கியதற்கு அதுதான் காரணம். ஆனால் 2014-இல் 'பார்ட்ஸ் அன்நோன்' தொடருக்காகப் பஞ்சாபுக்குச் சென்றபோது, அங்குள்ள தாபா உணவை உண்டுவிட்டு, இப்படிச் சமைத்தால் சைவ உணவு தமக்கும் குறையில்லாத உணவுதான் என்ற பொருளில் பேசினார். அவருடைய எரிச்சல் காய்கறிமேல் இல்லை, அக்கறையற்ற சமையல்மேலும் விருந்திட்டவரை மறுக்கும் பிடிவாதத்தின்மேலும் இருந்தது என்பது அந்த அத்தியாயத்தில் தெளிவாகிறது. பழைய வரி நியாயமானது என்று நான் சொல்லவில்லை. அது கொடூரமான வரிதான். அதை வைத்து அவரை எடைபோடுபவர்கள் பஞ்சாபையும் தராசில் வைக்க வேண்டும் என்கிறேன்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, சாப்பாட்டு நிகழ்ச்சியில் அரசியல் எதற்கு என்ற கேள்வி. அவருடைய நிகழ்ச்சிகளுக்கு எதிராக எழுந்த முறையீடுகளில் இதுவும் ஒன்று. இதற்கு விடை 2006 ஜூலையில் பெய்ரூட்டில் இருக்கிறது. லெபனானின் உணவையும் இரவு வாழ்க்கையையும் படம்பிடிக்கச் சென்ற குழு, சில நாட்களிலேயே இஸ்ரேலியத் தாக்குதல் தொடங்கி விமான நிலையம் குண்டுவீச்சுக்கு உள்ளானதால் வெளியேற வழியின்றி ஒரு விடுதியில் சிக்கிக்கொண்டது. இறுதியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் ஏறித் தப்பியது. படமெடுக்க எண்ணிய உணவுக் காட்சிகள் கையில் இல்லை. விடுதியிலிருந்து தூரத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களின் முகங்களும், தங்கள் நகரத்தைப் பற்றிப் பெருமையோடு பேசத் தொடங்கி அது எரிவதைக் கண்டு வாயடைத்துப்போன உள்ளூர்க்காரர்களும்தான் மிஞ்சினார்கள். அதுவே ஓர் அத்தியாயமாக ஒளிபரப்பாகி எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அதன் பிறகு, ஒரு தட்டு உணவைக் காட்டிவிட்டு அதைச் சமைத்தவரின் வாழ்க்கையைக் காட்டாமல் நகர்வது அவருக்கு இயலாததாயிற்று.

அடுப்பில் என்ன வேகிறது என்பதைப் போரும் தடையும் இடப்பெயர்வும் விலைவாசியும் தீர்மானிக்கின்றன. 2013-இல் ஜெருசலேம், மேற்குக் கரை, காசா ஆகிய இடங்களைப் பற்றிய அத்தியாயத்தில், காசாவின் வீடுகளில் அமர்ந்து அங்கிருந்தவர்களோடு உண்டார். பாலஸ்தீனர்களைச் சமைக்கும், சிரிக்கும், விருந்தளிக்கும் மனிதர்களாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்ப்பது பலருக்குப் புதியதாக இருந்தது. அதைப் பாராட்டியவர்களும் கண்டித்தவர்களும் நிறைய. 2014-இல் ஈரானில் அவரோடு அமர்ந்து இயல்பாகப் பேசிய பத்திரிகையாளர் ஜேசன் ரெசையானும் அவருடைய மனைவியும், படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் கைதுசெய்யப்பட்டார்கள். ரெசையான் 544 நாட்கள் சிறையில் இருந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்த உணவுக் காட்சியை மறுபடி பார்ப்பவர், அரசியலை நீக்கிவிட்டு ருசியை மட்டும் காட்டுங்கள் என்று கேட்க மாட்டார்.

ஹைட்டியை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010 நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே சென்ற குழு, தெருவோரம் சமைத்து விற்ற ஒரு பெண்மணியின் கடையில் உண்டபோது, பசியோடு சுற்றி நின்ற பிள்ளைகளைக் கண்டு, மீதமிருந்த உணவு முழுவதையும் விலைகொடுத்து வாங்கி அவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. செய்தி பரவிக் கூட்டம் பெருகியது, வலியவர்கள் எளியவர்களைத் தள்ளினார்கள், அடிதடியாயிற்று. இந்தக் காட்சிக்கு இரண்டு விதமான எதிர்வினைகளைக் கேட்டிருக்கிறேன்: இரக்கப்பட்டாரே என்ற நெகிழ்ச்சி ஒன்று, விளம்பரத்துக்காகச் செய்தார் என்ற குற்றச்சாட்டு மற்றொன்று. நல்லெண்ணத்தோடு செய்த செயல் தீங்காக முடிந்ததை நீக்கிவிடாமல், தம் குரலிலேயே அதை விளக்கி ஒளிபரப்பினார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் அத்தியாயமும் உண்டு. போர் நடந்த காலத்தில் அவர் இலங்கைக்குச் சென்றபோது வடக்கே போக முடியவில்லை. 2017-இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில் கொழும்பிலிருந்து ரயிலில் யாழ்ப்பாணம் சென்றார். 1990-இல் நின்றுபோய் 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டிய பாதை அது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பயணக் காட்சியே கனத்தது. நம்மில் பலர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் துயரத்தை முழுமையாகச் சொல்லவில்லை என்று குறைப்பட்டார்கள். வேறு சிலர், அவரே வந்து சொல்லிவிட்டார் என்று மனநிறைவடைந்தார்கள். விளம்பர இடைவேளைகள் நீங்கலாக முக்கால் மணி நேரம்கூட வராத ஒரு நிகழ்ச்சி, ஒரு நிலத்தின் கடைசிச் சாட்சியமாக இருக்க முடியாது. சில நாட்கள் மட்டும் தங்கிய விருந்தாளி கேட்டதும் கண்டதும் அது. அதன் வழியாக யாழ்ப்பாணத்தை முதன்முதலாகக் கேள்விப்பட்ட அயல்நாட்டுப் பார்வையாளருக்குத் தொடர்ந்து எதைச் சொல்ல வேண்டும் என்பது நம்முடைய பொறுப்பு.

காட்சியில் வருவதெல்லாம் உண்மை என்று நம்புவதும், எல்லாமே நாடகம் என்று தள்ளுவதும் சம அளவில் சோம்பேறித்தனமானவை. 2013-இல் சிசிலிக் கடலில் ஆக்டோபஸ் பிடிக்க அழைத்துச் சென்றவர்கள், அவர் நீருக்குள் இருக்கும்போதே படகிலிருந்து செத்த ஆக்டோபஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, இதோ பாருங்கள் என்று எடுத்துக் காட்டினார்கள். வேறு நிகழ்ச்சியானால் அது வேட்டைக் காட்சியாகவே ஒளிபரப்பாகியிருக்கும். அவர் அந்த மோசடியையும் அதனால் தமக்கு ஏற்பட்ட மனச்சோர்வையும் சேர்த்தே காட்டினார். 2008-இல் ருமேனியா அத்தியாயம் வெளியானபோது அந்நாட்டவர் பலர் கொதித்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக ஒப்பனை செய்யப்பட்ட முகத்தையே அவர் கண்டு, அதையே கேலியும் செய்திருந்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நல்ல அத்தியாயத்துக்கும் மோசமான அத்தியாயத்துக்கும் இடையிலான வேறுபாடு, பெரும்பாலும் அவரை அழைத்துச் சென்ற உள்ளூர் மனிதர் யார் என்பதில்தான் இருந்தது. பார்க்கும்போது அவரைவிட அந்த வழிகாட்டியைக் கவனியுங்கள்.

அவர் உண்ட இடங்களின் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு அலைவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வியட்நாமின் ஹனோயில் 2016 மே மாதம் அவரும் அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமாவும் 6 டாலருக்கு புன் சா என்னும் நூடுல்ஸ் உணவை உண்ட மேசை, இன்று கண்ணாடிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. ரோமில் தாம் விரும்பிய ஓர் உணவகத்தின் பெயரை, கூட்டம் சேர்ந்து கெட்டுவிடும் என்ற அச்சத்தால், போர்டெய்னே நிகழ்ச்சியில் வேண்டுமென்றே மறைத்தார்.

2018 ஜூன் 8 அன்று, படப்பிடிப்புக்காகச் சென்றிருந்த பிரான்சின் கைசர்ஸ்பெர்க் நகரில், 61-ஆம் வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்றிலிருந்து பார்வையாளர்கள் பழைய அத்தியாயங்களைத் துப்பறியும் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். 2016-இல் ஒளிபரப்பான புவனோஸ் ஐரிஸ் அத்தியாயத்தில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அவர் தம் மனச்சோர்வைப் பற்றிப் பேசும் காட்சி அப்போது நகைச்சுவையாகப் பார்க்கப்பட்டது. இப்போது முன்னறிவிப்பாகப் பார்க்கப்படுகிறது. இரண்டு பார்வைகளும் தவறானவை என்றே கருதுகிறேன். தொகுக்கப்பட்ட சில நிமிடங்களிலிருந்து ஒருவருடைய மரணத்துக்குக் காரணம் கண்டுபிடித்து, அவரோடு வாழ்ந்தவர்கள்மீது பழி சுமத்தும் உரிமை நமக்கு இல்லை.

அவர் சொன்னதாக இன்று பகிரப்படும் பொன்மொழிகளிலும் எச்சரிக்கை வேண்டும். அவரைப் பற்றி 2021-இல் வெளியான ஆவணப்படத்தில், அவர் ஒரு நண்பருக்கு எழுதிய மின்னஞ்சல் வரிகள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட அவருடைய குரலில் ஒலித்தன. அந்த உண்மை இயக்குநரின் பேட்டிக்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அந்தச் சொற்கள் அவருடையவைதான், ஆனால் அவற்றை அவர் ஒருபோதும் ஒலிவாங்கி முன் சொன்னதில்லை. தம் நிகழ்ச்சிகளின் பின்னணி உரையைத் தாமே எழுதி, தாமே பேசிய ஒரு மனிதருக்கு அந்த வேறுபாடு முக்கியமானது. ஆகவே அவர் பெயரால் ஒரு வரி உங்களிடம் வந்தால், அது எந்த ஆண்டு, எந்த நாட்டில், யாருடைய மேசையில் அமர்ந்து சொன்னது என்று தேடிப் பார்த்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.