கர்டரில் ஸ்டிஃபனர்களை எங்கே நிறுத்துவது?

பாலத்தின் எஃகு உத்திரமான கர்டரில் மேலும் கீழும் உள்ள கிடைத்தகடுகள் ஃபிளேஞ்ச், அவற்றை இணைக்கும் நிலைத்தகடு வெப், அதில் குத்தாகப் பற்றவைக்கும் சிறு தகடுகள் ஸ்டிஃபனர். முனைக்கு முனை ஒரே இடைவெளியில் ஸ்டிஃபனர் நிற்கும் வரைபடம் மேசைக்கு வந்தால், முதலில் வெட்டுவிசை வரைபடத்தைத்தான், அதாவது கர்டரின் நீளத்தில் எங்கே எவ்வளவு வெட்டுவிசை என்று காட்டும் தாளைத்தான், கேட்பேன். பெரும்பாலும் அது இருக்காது. இடைவெளியைப் பழைய பாலத்தின் தாளிலிருந்து எடுத்திருப்பார்கள்.

வெட்டுவிசை வெப் தகட்டை ஒரு மூலைவிட்டத்தில் இழுக்கிறது, மற்றதில் அமுக்குகிறது. மெல்லிய தகடு அமுக்கத்துக்குச் சரிவாக நெளியும். அந்த நெளிவைச் சிறு கட்டங்களுக்குள் அடக்குவதே ஸ்டிஃபனரின் வேலை.

முதலில் வெப்பின் உயரத்தைத் தடிமனால் வகுங்கள். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 800:2007 படி, ஸ்டிஃபனர் இல்லாத, 250 மெகாபாஸ்கல் நெகிழ்வு வலிமை கொண்ட எஃகு வெப்பில் விடை 67-ஐத் தாண்டினால் நெளிவுக் கணக்கு கட்டாயம். 1500 மி.மீ. உயரம், 12 மி.மீ. தடிமன் என்றால் 125. இழுவிசைப் புலத்தை (நெளிந்த பிறகும் தகடு மூலைவிட்ட இழுவையால் தாங்கும் கூடுதல் பலத்தை) நம்பாத எளிய முறையில் அந்த வெப் இப்படித் தாங்கும்: முனைகளில் மட்டும் ஸ்டிஃபனர் இருந்தால் சுமார் 1010 கிலோநியூட்டன், 2250 மி.மீ. இடைவெளியில் 1350, 1500-இல் 1690, 1000-இல் 2200.

இந்த நான்கு எண்களை வெட்டுவிசை வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தாங்கிகளுக்கு அருகே நெருக்கம், நடுவில் அகலம் என்று இடைவெளி தானாகவே அமையும். குறுக்குச் சட்டம் (பக்கத்துக் கர்டர்களை இணைக்கும் சட்டகம்) வரும் இடங்களை முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றை அவற்றுக்கு இடையே சமமாகப் பிரியுங்கள்.

1000-க்கும் கீழே நெருக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெப்பை 14 மி.மீ. ஆக்கினால் 1500 இடைவெளியிலேயே 2330 கிலோநியூட்டன் கிடைக்கும். எஃகு கொஞ்சம் கூடும்தான். வெல்டிங் கூலியும் தகடு கோணுவதும் குறையும். நான் தடிமனையே தேர்ந்தெடுப்பேன்.

ஸ்டிஃபனரின் அளவைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். 12 மி.மீ. வெப், 1500 இடைவெளிக்கு வேண்டிய நிலைமத் திருப்புத்திறன் (வளைவை எதிர்க்கும் வடிவ அளவு) சுமார் 38.9 லட்சம் மி.மீ.⁴. இருபுறமும் 80 × 10 தகடு வைத்தால் 42.4 லட்சம், போதும்.

வெளிச்சுமை ஏற்காத ஸ்டிஃபனரை இழுவிசை ஃபிளேஞ்சுக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடலாம். விடும் இடைவெளி வெப் தடிமனின் 4 மடங்கைத் தாண்டக்கூடாது. குறுக்குச் சட்டம் பிடிக்கும் ஸ்டிஃபனருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை இரண்டு ஃபிளேஞ்சுகளோடும் இணைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் வண்டி போகும்போதெல்லாம் அந்தச் சிறு இடைவெளியில் வெப் முன்னும் பின்னும் வளைந்து, களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப வளைவதால் வரும் விரிசல்) விழும்.