11 டேப், 22 பிள்ளைகள்: வகுப்பில் சமாளிப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பை ஒன்றாக உட்காரவைத்து நடத்துகிறேன். பிள்ளைகள் 22, டேப்லெட் 11. முதல் வாரம் பாடம் என்று ஒன்றும் நடக்கவில்லை. "டீச்சர், இதுல சார்ஜ் இல்ல", "டீச்சர், அவன் என்னோடத எடுத்துட்டான்" என்பதிலேயே மணி அடித்துவிடும். புதிதாக ஆரம்பிக்கும் டீச்சர்கள் எல்லாரும் என்னிடம் எந்த ஆப் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அது கடைசி வேலை.

1. கையில் வாங்கும்போதே திறந்து பாருங்கள்

யாராவது பழைய டேப் தந்தால் நன்றி சொல்லுங்கள், ஆனால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்ததில் 3 டேப் அப்படியே பூட்டிக் கிடந்தன. பட்டனை அழுத்தி ரீசெட் செய்தாலும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். திருடியவனுக்கு உதவக்கூடாது என்று ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் ஏற்பாடு அது. கொடுத்தவருக்கோ பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது.

2. எண் போடுங்கள்

பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டினால் நம் ஊர் ஈரத்துக்கு ஒரே மாதத்தில் உரிந்துவிடுகிறது, அதனால் நான் நெயில் பாலிஷில் எழுதினேன். சார்ஜர் வயரிலும் அதே எண். அப்புறம் கரும்பலகையில் பெரிதாக 7 என்று எழுதி, 7-ஆம் டேப்பாலேயே அதைப் படம் எடுத்து, லாக் ஸ்கிரீனில் வைத்துவிடுங்கள். தூரத்தில் இருந்தே எது யாரிடம் இருக்கிறது என்று தெரியும். ஒரு எண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், வருடம் முழுக்க அதே இரண்டு பேர். கீறல் விழுந்தால் பஞ்சாயத்தே வேண்டாம்.

3. ஒரே ஆப்பில் நிறுத்திவைப்பது

செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பின்னிங் என்று இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும் என்பதால் மேலே தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் pin என்று தட்டிப் பாருங்கள். அதை ஆன் செய்து, வெளியே வர பூட்டு எண் கேட்கும்படியும் வையுங்கள். இனி பாட ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப்களின் பட்டியலுக்குப் போய், மேலே உள்ள அதன் படத்தைத் தொட்டால் பின் செய்யும் வசதி வரும். பூட்டு எண் வைக்காவிட்டால், கீழிருந்து இழுத்துப் பிடித்தால் வெளியே வந்துவிடலாம் என்பதை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. குளிர், ஈரம், கரண்ட்

சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. காலையில் தேயிலைக்கு நடுவே நடந்து வரும் பிள்ளைகளின் கை நனைந்திருக்கும், ஸ்கிரீன் தானாகவே எங்கெங்கோ ஓடும். வாசலில் ஒரு துண்டு தொங்கவிடுங்கள். கம்பளிக் கையுறை போட்டிருந்தால் தொடுதிரை அசையவே அசையாது. எங்கள் வகுப்பில் ஒருத்தன் கையுறையைக் கழற்றச் சோம்பேறிப்பட்டு, மூக்கால் தொட்டுத் தொட்டே கணக்கு முழுவதையும் முடித்தான், சரியாகவும் போட்டிருந்தான்!

இரும்பு பீரோவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை (நீல மணி உள்ளது) போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, பையை மாற்றுங்கள். உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்து டீச்சர்களுக்கு ஒன்று: 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுப்போகும், அதனால் இரவில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மே லீவுக்குப் பூட்டும்போது பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

ஒரு டேப்புக்கு 10 வாட் என்றாலும் 11-க்கு 110 வாட்தான், ஒரு பிளக் தாங்கும். ஆனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகாதீர்கள். ஜூன், ஜூலையில் காற்றுக்கு மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, நான் முந்தின நாள் மதியமே சார்ஜ் ஏற்றிவிடுகிறேன்.

5. ஆப்

இருக்கும் சிக்னலுக்கு நேரடியாக வீடியோ ஓட்ட முடியாது. அரசின் பாட ஆப்பான திக்‌ஷாவில் வேண்டிய பாடத்தை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டு வாருங்கள், போதும்.

6. கொடுப்பதும் வாங்குவதும்

"டேப் தூங்கட்டும்" என்றால் எல்லாரும் ஸ்கிரீனைக் கவிழ்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் இதை மட்டும் பழக்குங்கள். 20 நிமிடம் முடிந்ததும் இரண்டு லீடர்கள் வாங்கி, எண் வரிசையில் அடுக்கி, சத்தமாக எண்ண வேண்டும். 11 வராமல் யாரும் வெளியே போகக் கூடாது. ஒருமுறை பத்தோடு நின்றுவிட்டது. பைகளை எல்லாம் கொட்டித் தேடி, நான்கு மணி பஸ்ஸையும் விட்ட பிறகு பார்த்தால், என் மேசையில் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருந்தது.