நாளுக்கு எண்ணூறு கலோரி, பன்னிரண்டு வாரம்: நான் செய்த விதம்

எனக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எடை 91 கிலோ. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.4. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும், இரவில் இன்னொரு மெட்ஃபார்மின். இப்போது மாத்திரை இல்லாமல் இருபது மாதம் ஓடிவிட்டது. கடைசியாகப் பார்த்த சராசரி 6.0. எப்படி என்று கேட்கிறவர்கள் எல்லாரும் "என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது "மாத்திரையை என்ன செய்தீங்க?" என்பதைத்தான்.

நான் அங்கேதான் தவறினேன். டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. பொறுக்க முடியாமல் நானே சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். சட்டைப் பொத்தானைப் போடப் பார்க்கிறேன், விரல்கள் துளையைத் தேடி நடுங்குகின்றன. பின்கழுத்து முழுக்க வியர்வை. விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்தால் 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து 84. அந்தக் கால் மணி நேரமும் என் மனைவி என் கையை விடவே இல்லை.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு மாதிரியான மாத்திரைகள் கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் ஆபத்து வேறு மாதிரி: சாப்பாடு மிகவும் குறையும்போது, மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். பிபி மாத்திரையையும் மறக்காதீர்கள். எடை இறங்க இறங்க பிபியும் இறங்கும்; அளவை மாற்றாவிட்டால் படுக்கையிலிருந்து எழும்போதே தலை சுற்றும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எந்த நாளிலிருந்து என்பதை டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு தொடங்குங்கள். நீங்களாக நிறுத்துவதும் தவறுதான்.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர்கள், சாப்பாட்டோடு மனப் போராட்டம் இருந்தவர்கள் இதில் இறங்கக் கூடாது. பித்தப்பைக் கல், யூரிக் அமிலத் தொல்லை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண் பரிசோதனையும் முன்பே முடியட்டும். சர்க்கரை சட்டென்று இறங்கும்போது சிலருக்கு ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு கூடிவிடுவது உண்டு.

எனக்கு நம்பிக்கை வந்தது இரண்டு ஆய்வுகளால். 2011இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர் 11 பேருக்கு நாளுக்கு 600 கலோரி வீதம் எட்டு வாரம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. ஈரலில் கொழுப்பு அடைந்திருந்தால் அது இன்சுலின் பேச்சைக் கேட்காமல் இரவெல்லாம் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கொழுப்புதான் முதலில் கரைகிறது. கணையத்துக் கொழுப்பு மெல்ல மெல்லக் குறையும். 2017இல் வந்த டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு வருடம் தாண்டாதவர்கள், இன்சுலின் போடாதவர்கள் கலந்துகொண்டார்கள். இதே மாதிரி குறைந்த கலோரி உணவுமுறையைப் பின்பற்றிய குழுவில் ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள். 15 கிலோவோ அதற்கு மேலோ இழந்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் வருடம் குழுவின் 46, 36 ஆனது. அந்தப் பத்தை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் தூள், ஒரு பாக்கெட் 200 கலோரி, நாளுக்கு நான்கு. அவ்வளவுதான் என் சாப்பாடு. புரதமும் விட்டமின்களும் முழுமையாகச் சேர்த்த தூளாக இருக்க வேண்டும், வெறும் புரதப் பவுடர் போதாது. தண்ணீர் இரண்டரை லிட்டர். மலச்சிக்கல் பலருக்கும் வரும். நார்ச்சத்துத் தூளை முதல் நாளே ஆரம்பியுங்கள். முதல் நான்கு நாள் தலைவலி, எரிச்சல், குளிர். சாயங்காலம் நான்கு மணிக்குப் பசி வந்து நிற்கும். எழுந்து இருபது நிமிடம் நடந்தால் போய்விடும். ஐந்தாம் நாளிலிருந்து பசி அடங்கியது, எனக்கே ஆச்சரியம். ஏழாம் நாள் விடிகாலை, விளக்குகூடப் போடாமல் மீட்டரின் வெளிச்சத்தில் பார்த்தேன்: 104. மாத்திரையோடு 160க்குக் கீழே இறங்காத உடம்பு. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

பன்னிரண்டாம் வார முடிவில் 77 கிலோ. ஆனால் உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான். பன்னிரண்டு வாரமும் எனக்காக முடிவெடுத்தது பாக்கெட். இப்போது தட்டு முன்னால் வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு 400 கலோரியில் ஒரு வேளை உணவு, பாதித் தட்டு காய்கறி. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு வர ஆறு வாரம். சமையலறைத் தராசு வாங்குங்கள். என் கண்ணளவு ஒவ்வொரு முறையும் ஏமாற்றியது. முதல் பத்து நாளில் எடை ஒரு கிலோ கூடியது, பயந்துபோனேன். மாவுச்சத்து உடம்பில் மறுபடி சேரும்போது கூடவே தண்ணீரும் சேரும், அது கொழுப்பு இல்லை.

46ஐ 36 ஆக்கியது பெரும்பாலும் திரும்பி வந்த எடைதான். அதனால் டாக்டரும் நானும் ஒரு கோடு போட்டோம்: 79 கிலோ. அதைத் தொட்டால் அவரிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் மறுபடி பாக்கெட். இதுவரை இரண்டு முறை தொட்டிருக்கிறேன். மாத்திரை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் சராசரி 6.5க்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்த நிலை என்று கணக்கு. அதன் பிறகும் சராசரி, கண், பாதம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் வருடாவருடம் பரிசோதனை உண்டு. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் சனிக்கிழமைதோறும் எடையைக் குறிக்கிறேன். போன வாரம் 77.6.