மாட்டுங்காவில் பழைய பெரிய வீடு வாடகைக்கு எடுப்பது எப்படி?

மும்பையில் மாட்டுங்கா கிழக்கில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்கள் பக்கம் ஒரு சாயங்காலம் நடந்தாலே இந்த ஆசை வந்துவிடும். பிளேக் நோய் பயத்தில் நகரத்தைச் சீரமைக்க 1898-இல் அமைத்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மனை போட்டுக் கொடுத்த பேட்டை இது. பழைய கட்டடங்கள் மூன்று மாடியோடு நின்றுவிடும். வளைந்த பால்கனி, மொசைக் தரை, கீழே இறங்கினால் ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கத்துப் பூக்கடைகள். ஆசைப்படுங்கள், ஆனால் இந்த வரிசையில் போங்கள்.

1. வீடு யாருடையது?

வீட்டைப் பார்க்கும் முன்பே கேட்க வேண்டியது: பகடியா, ஓனர்ஷிப்பா? பகடி வீட்டில் இருப்பவர் என்றைக்கோ மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, சொற்ப வாடகையில் காலம் தள்ளுபவர். கட்டடம் வேறொருவருடையது. அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் இவர் உங்களுக்கு விட்டால், நாளைக்கு இரண்டு பேருமே வெளியே போக வேண்டிவரும். சொசைட்டி (வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்) கட்டடம் என்றால், வீடு யார் பேரில் என்று காட்டும் ஷேர் சர்ட்டிபிகேட்டையும் கடைசி மெயின்டனன்ஸ் பில்லையும் கேளுங்கள். அதில் உள்ள பெயரும் கையெழுத்துப் போடப்போகிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "பாட்டி பேரில இருக்கு சார், எல்லாம் நம்ம வீடுதான்" என்றால் நின்று யோசியுங்கள்.

2. இரண்டு தடவை பாருங்கள்

நாங்கள் முதலில் பார்த்த வீட்டில் புரோக்கர் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினார். கொட்டியது. "இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி!" எதிர் வீட்டு மாமியிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: மாநகராட்சித் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான். அன்று நாங்கள் பார்த்தது மொட்டைமாடித் தொட்டியில் மிச்சமிருந்தது. மோட்டார் ரிப்பேரானால் அதுவும் இல்லை. ஆகவே விடியற்காலையில் ஒரு தடவை போங்கள். கேள்வியைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

அடுத்து மழை. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது மும்பைக்கே தெரிந்த கதை. தரைத்தளம் என்றால் சுவரின் அடிப்பாகத்தில் கறை இருக்கிறதா பாருங்கள். மேல்மாடி என்றால் கூரையில் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதா பாருங்கள். அடித்திருந்தால் ஒழுகுகிற இடம் அதுதான்.

பழைய வயரிங் மூன்று ஏசியைத் தாங்குமா என்பதை எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய்க் கேட்பது நல்லது.

3. பணக் கணக்கு

வாடகையை கார்பெட் ஏரியாவை (சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப்பரப்பு) வைத்துப் பேசுங்கள், சுவர்களையும் சேர்த்துச் சொல்லும் பில்ட்-அப் கணக்கில் ஏமாறாதீர்கள். புரோக்கருக்குப் பொதுவாக ஒரு மாத வாடகை. பெரிய வீடு எடுப்பவர்கள் மறந்துபோவது டிடிஎஸ். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் அதில் 2 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு. 2024 அக்டோபருக்கு முன்பு இது 5 சதவீதம். மாதாமாதம் கட்ட வேண்டாம், வருஷக் கடைசியில் அல்லது காலி செய்யும் மாதத்தில் ஒரே தடவை போதும்.

4. பத்திரம்

இங்கே குடியிருக்க அனுமதி மட்டும் தருகிற 'லீவ் அண்ட் லைசன்ஸ்' ஒப்பந்தம்தான், பெரும்பாலும் 11 மாதம். 11 மாதம்தானே என்று பதிவு செய்யாமல் விடக்கூடாது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1999) பதிவைக் கட்டாயமாக்கி, அந்தப் பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் வைத்திருக்கிறது. முத்திரைத்தீர்வை 0.25 சதவீதம்: மொத்த வாடகையோடு, டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியையும் கூட்டிக் கணக்கிடுவார்கள். 90,000 வாடகை, 3 லட்சம் டெபாசிட் என்றால் 11 மாதத்துக்குச் சுமார் 2,550 ரூபாய்தான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன் மூன்று வரி படியுங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், காலி செய்யும்போது பெயிண்ட் செலவு யாருடையது, நடுவில் ரீடெவலப்மென்ட் (கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது) வந்தால் என்ன. இந்தப் பேட்டையில் கடைசிக் கேள்வி சும்மா கேட்பதல்ல. காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கச் சட்டமே இடம் தருகிறது.

5. குடியேறும் நாள்

போலீஸ் வெரிஃபிகேஷன், சொசைட்டியின் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) இரண்டையும் முன்பே முடித்துவிடுங்கள். மின்சார மீட்டரை போட்டோ எடுங்கள். மாடிப்படித் திருப்பத்தையும் லிஃப்ட் கதவையும் டேப் வைத்து அளந்துவிட்டு லாரியைக் கூப்பிடுங்கள். எங்கள் தேக்குக் கட்டில் முதல் மாடித் திருப்பத்தில் சிக்கி, ஆசாரி வந்து கழற்றும் வரை இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றது.